நாள் மாறி வந்தவர்கள்

நாற்பத்திரண்டு வயதில்
ஒரு பெயர் கிடைத்தது எனக்கு.
போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில்
மின்விசிறியின் கிறீச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது
வைத்தியர் சொன்னார்: ஏடிஎச்டி.
நூற்றுப் பதினேழில் எண்ணிக்கை அறுந்தது.
மருந்துத் துண்டை மேசையிலேயே விட்டு
வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன்.
தாதி சிரிக்கவில்லை.
அதுவே பெரிய காரியம்.

வீட்டில் சொன்னேன்.
"உனக்கு ஒரு வருத்தமுமில்லை,
கொஞ்சம் யோசிச்சு நட" என்றார் இவர்.
அக்கா கனடாவிலிருந்து:
"எங்களுக்கும் எல்லாம் மறக்கிறதுதானே."
அவளுக்கு மறக்காதது ஒன்று உண்டு.

தொண்ணூற்றைந்து ஐப்பசி, மழை,
ஊரே எழும்பி நடந்த இரவு.
அம்மா எனக்குத் தந்தது ஒரு வேலை, ஒரு பை:
காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், அடைவுச் சிட்டை.
நாவற்குழி தாண்டித் திறந்தபோது
உள்ளே கிடந்தவை
பழைய றேடியோவின் வயர்கள்.
கழற்றிப் பார்க்கவென்று நான் சேர்த்து வைத்தவை.
அப்போது வயது பன்னிரண்டு.
முப்பது வருடமாய் அந்தப் பையைத்தான்
எல்லாக் கலியாணவீட்டிலும் திறந்து காட்டுகிறார்கள்.

ஒருவரும் கேட்காதது இது:
செல் விழுந்த நாட்களில்தான்
என் தலைக்குள் இரைச்சல் நின்றது.
பங்கருக்குள் எல்லாரும் நடுங்க
தம்பியின் காலுக்குக் கட்டுப் போட்டவள் நான்,
முடிச்சு அவிழாமல்.
சண்டை முடிந்த பிறகுதான்
கரண்ட் பில் கட்டத் தெரியாதவளானேன்.
இதை வைத்தியருக்கும் சொல்லவில்லை.

கிளினிக் சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது:
வளர்ந்தவர்களுக்கான சந்திப்பு, சனி நாலு மணி,
கஸ்தூரியார் வீதி, சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
படம் எடுத்தேன். மூன்று அலாரம் வைத்தேன்.
உள்ளங்கையில் பேனையால் எழுதினேன்.
ஞாயிறு போனேன்.

மேலே பூட்டு.
படியில் ஒருவர், ஹெல்மெற் கழற்றாமல்,
கச்சான் கோதுகளை வரிசையாய் அடுக்கிக்கொண்டு.
"சந்திப்புக்கோ?"
"ஓம்."
"அது நேற்றாம்."
"அப்ப நீங்கள் ஏன் இருக்கிறியள்?"
"மோட்டச்சைக்கிள் திறப்பைத் தேடுறன்."
திறப்பு மோட்டார் சைக்கிளிலேயே தொங்கியது.
நான் காட்டினேன்.
அவர் சிரிக்கத் தொடங்கினார், பிறகு நானும்,
விலா நோகும் வரை.
எத்தனையோ வருடத்துக்குப் பிறகு
முடிவில் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லாத சிரிப்பு.

பெயர் கிளரன்ஸ். குருநகர்.
எந்தப் படகு எஞ்சினையும் ஓடவைப்பார்.
தன் வள்ளத்தின் பதிவை மட்டும்
ஆறு வருடமாய்ப் புதுப்பிக்கவில்லை.
என் அலுமாரியில் உறுதிப் பிரதிக்கான படிவம்
நாலு வருடமாய் வெறுமையாய்க் கிடப்பதைச் சொன்னேன்.
"கொண்டு வாங்கோ.
நான் பக்கத்தில இருக்கிறன்.
உதவியெல்லாம் செய்யமாட்டன்,
சும்மா இருப்பன்."

பிறகு சனிச் சந்திப்புக்கும் போனோம்.
எட்டுப் பேர், பிளேன்ரீ, நல்ல மனிதர்கள்.
ஆனால் ஞாயிறை விடவில்லை.
சைக்கிள் கடைக்காரர் ஒரு வாங்கு தந்தார்.
மூன்றாம் கிழமை
கம்பஸ் பிள்ளை ஆரபி நாள் மாறி வந்து
எங்களோடேயே நின்றுவிட்டாள்.
அவரவர் கடதாசி அவரவர் மடியில்.
ஆரேனும் இடையில் எழும்பி நடந்தால்
உருண்ட பேனையை மற்றவர் எடுத்து வைப்போம்.
எங்கே போனாய் என்று கேட்பதில்லை.

இன்று படிவம் முழுக்க நிரப்பினேன்.
அம்மாவின் பெயரில் கை நின்றது.
கிளரன்ஸ் பக்கத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார்.
அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு
அடுத்த வரிக்கு இறங்கினேன்.
கடைசிக் கோடு: திகதி.
"இண்டைக்கு எத்தினையாம் திகதி?"
மூன்று பேரும்
ஆளையாள் பார்த்தோம்.