மின்சாரம் போய் வந்த இரவு

செம்பூர், எட்டாம் மாடி, ஆடி மழை.
மின்சாரம் போய் வந்ததில்
ரேடியோக்கள் இரண்டும் பெயர் மாறிக்கொண்டன.
எந்த மோடம் முதலில் கண் விழிக்கிறதோ
அது ஏஎக்ஸ் பூஜ்யம். பிந்தியது ஒன்று.
லினக்ஸுக்கு மூத்தது இளையது தெரியாது.

தாணேவுக்கு அனுப்பிய
"பரிமளா, சாப்டியா?"
துறைமுகம் தாண்டிப் போய்விட்டது,
ஆயிரத்து இருநூறு பாடில், கரகரவென்று.

உரண் பக்கமிருந்து யாரோ
ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில்:
"பரிமளா இல்லை. சாப்பாடும் இன்னும் இல்லை."

காலையில் கோப்பைத் திறந்து
ஒரே அழைப்புக்குறியின் வாலில்
ஒன்று, இரண்டு ஒட்டினேன்.
இனி எது முந்தி எழுந்தாலும்
வடக்கு ஆன்டெனாவுக்குத் தாணே என்றே பெயர்.

தெற்குக்கான வரியில்
கர்சர் துடிக்கிறது.
பெயர் இன்னும் இல்லை.
போர்ட்டை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.