பானெட்டின் உள்பக்கம்

எர்ணாவூர் ஷெட்டில்
பானெட்டைத் தூக்கிக் கம்பு முட்டுக்கொடுத்தேன்.
பன்னிரண்டு வருஷ கிரீஸ்.
மண்ணெண்ணெய், கம்பி பிரஷ்,
பழைய லுங்கி இரண்டு கறுத்த பிறகுதான்
தகரம் தன் நிறம் காட்டியது.

தார் ஷீட்டை வெட்டிச் சூடுகாட்டி ஒட்டி
உருளையால் அழுத்தினேன்.
விரல்முட்டியால் தட்டினால்
'டங்' போய் 'தொப்'.
அதன்மேல் ஃபெல்ட், அதன்மேல் வெள்ளித்தாள்.
கீல் பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை விட்டேன்,
மூடும்போது கடிக்கும்.

"இடது காதாண்ட ராவும் பகலும் கத்துதுப்பா"
என்றுதான் தேசப்பன் வந்திருந்தார்.

மணலி வரை ஓட்டிப் பார்த்தோம்.
அவர் சட்டைப்பையில் சில்லறை குலுங்குவது கேட்டது,
பின்னால் கிளீனர் கொட்டாவி விட்டதும்.

ரயில்வே கேட்டில் எஞ்சினை நிறுத்தினார்.
கூட்ஸ் போய் முடிந்தது.
கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இன்னும் கத்துதே."

நானும் காது கொடுத்தேன்.
மதில்மேல் ஒரு காக்கா.
தூரத்தில் எங்கோ கிரேன்.
அவ்வளவுதான்.

மடியில் மிச்ச வெள்ளித்தாள் சுருள்.
கூலியில் இருநூறு குறைச்சுக் குடுங்கண்ணே என்றேன்.

"இன்னா சொன்ன?"
உடம்பையே திருப்பி
வலது காதை நீட்டினார்,
நோட்டை முழுசாக எண்ணியபடி.