முக்கால் மில்லிமீட்டர்

டிரெய்லரில் கட்டி இழுத்து வந்தார் தௌனோ லாம்பினென்.
எழுபத்து நான்காம் வருஷத்து டாட்சன்.
தக்காளிச் சிவப்பு.
கதவடியில் விரல் வைத்தால்
விரல் உள்ளே போய்விடும்.

"மணலை அடி ரைலி, மத்தியானத்துக்குள் முடி."

கெமியில் ஏப்ரல் மாதம்.
கடல் இன்னும் கட்டியாகவே கிடந்தது.
சாலையெல்லாம் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை
இரும்புபோல் கடைப்பிடித்தவர் யாருமில்லை.

மணல் வேண்டாம் என்றேன்.
மணல் எதையும் விசாரிப்பதில்லை.
போன வருஷம் ஒரு வோல்வோ பானெட்டை
அவசரத்தில் ஆறு பாரில் அடித்தேன்;
எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி நெளிந்தது.
அதோ, சுவரில் மாட்டியிருக்கிறேன்.
அந்தத் தூசி நெஞ்சுக்குள் குடியேறினால்
காலி செய்யவும் செய்யாது.

"சரி, வேறென்ன இருக்கிறது?"

கண்ணாடி மணி இருக்கிறது, கார்புரேட்டருக்கு அழகு.
இவ்வளவு பெரிய உடம்புக்கு
என் தோளும் உங்கள் காசும் தாங்காது.
அக்ரூட் ஓட்டுத் தூள், எஞ்சின் பிசுக்கை எடுக்கும்,
துருவைப் பார்த்தால் கும்பிட்டு விலகிவிடும்.
உலர்பனி அடிக்கிறவர் ஔலுவில் இருக்கிறார்;
அவர் கேட்கும் பணத்துக்கு
இன்னொரு டாட்சன் வாங்கலாம்.
தண்ணீர் கலந்து அடித்தால் தூசி எழாது,
ஆனால் நான் துணி எடுத்துத் திரும்புவதற்குள்
தகடு பழுப்பு பூத்திருக்கும்.

முக்கால் மில்லிமீட்டர்தான் இந்தத் தோல்.
இதற்கு ஆப்ப சோடா.
அடியில், சட்டத்துக்கு மட்டும்,
கோமேதகத்தின் பங்காளி, கார்னெட் பொடி.

"ரொட்டிக்கடையும் நகைக்கடையும் சேர்ந்து
பில் போடுமாக்கும்" என்றார் தௌனோ.
கம்ப்ரஸர் இருமத் தொடங்கிவிட்டதால்
எனக்குக் கேட்காத மாதிரி.

இரண்டு பார்.
டிக்கி மூடியில் ஒரு மூலை முதலில்.
சிவப்பு எழுந்து போனது, வலிக்காமல்,
பால் ஆடையை விரலால் ஒதுக்குவதுபோல.
கீழே கடுகு மஞ்சள்.
"மஞ்சளா? யாரும் சொல்லவில்லையே."
பின்கதவு மஞ்சள்.
பின்சக்கர வளைவு மஞ்சள்.
முன்சீட்டுக்கு நேராக வந்தபோது
நீலம்.

நாசியை இறக்கினேன்.
நடுத்தூணில் கத்தி முனையால் பட்டியைச் சுரண்டினேன்.
கூரையிலிருந்து தரைவரை ஒரு தையல்,
குடித்துவிட்டு வெல்டிங் செய்த கை,
அங்கங்கே முடிச்சு, அங்கங்கே வெறும் காற்று.

இரண்டு கார்கள்.

தௌனோ ஹெல்மெட் இல்லாமலே உள்ளே வந்துவிட்டார்.
வெள்ளை மாவு புருவத்தில் இறங்கியது.
தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்,
மேலிருந்து கீழ்,
மறுபடி கீழிருந்து மேல்.
"இருபத்தாறு வருஷம்," என்றார்.
"கலெர்வோ கொடுத்தான். என் மச்சான்.
அதுதான் பின்சீட்டில் மட்டும் எப்போதும் மழை."

பிள்ளைகள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.
அதை அவர் சொல்லவில்லை,
பின்கதவின் உட்புறத்தில்
ஒரு டைனோசர் ஸ்டிக்கர் பாதி ஒட்டியிருந்தது.

"மணல் அடித்திருந்தால் இது தெரிந்திருக்காது, இல்லையா?"

தெரிந்திருக்கும், ஓட்டையாக.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
ஆறிய காபியைக் குடித்தார்.
எழுபத்து நான்கு எந்தப் பாதிக்கு என்று கேட்டார்.
எண் முன்பக்கம்தான் பொறித்திருக்கிறது என்றேன்.
"அப்படியானால் பின்பாதிக்கு வயதே இல்லை."

போனை எடுத்தார்.
கலெர்வோவின் பெயர்வரை போனார்.
திரையில் சோடா படிந்து விரல் வழுக்கியது.
பையில் போட்டுவிட்டார்.

தையலைப் பிரித்து மறுபடி பற்றவைக்க வேண்டும்,
அதற்குமுன் கார்னெட் அங்கே கூடாது,
சோடா மிச்சமிருந்தால் பெயிண்ட் ஒட்டாது,
வினிகர் தண்ணீரில் முழுக்கக் கழுவ வேண்டும்
என்று நான் அடுக்கிக்கொண்டே போக,

எழுந்து கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
"வாளி இது போதுமா?" என்றார்.