இருபத்தேழு மெகாஹெர்ட்ஸ்

துபாய் பழைய சாமான் கடையில்
மச்சான் முப்பது திர்ஹத்துக்கு வாங்கி வந்த லாரி.
என்னைவிட இரண்டு வயது மூப்பு.
பேட்டரிப் பெட்டிக்குள் பச்சைக் களிம்பு;
வினிகர் தொட்டுப் பல் துலக்கிவிட்டேன்.
உடைந்த பல்சக்கரத்துக்குத்
தூண்டில் ரீலில் ஒன்று கழன்றது.
ஷாக்குக்குத் தையல் மிஷின் எண்ணெய்.
டயருக்குள் மிதவைத் துண்டு.

வாலிநோக்கம், வற்றிய உப்பளம்,
கடைசிச் சுற்று.
கஸ்பாரின் புது வண்டியை
ஒரு சாண் முந்திவிட்டேன்.

கடலில் யாரோ வயர்லெஸ்ஸை அழுத்தி
நண்டு என்ன விலை என்று
கேட்டிருக்க வேண்டும்.
சட்டென்று இடம் திரும்பி
அவர் பேச்சைக் கேட்டு ஓடியது
என் லாரி.

ஆண்டெனாவை முழுக்க இழுத்தபடி நான்,
பந்தயத்தைப் போட்டுவிட்டுக் கஸ்பார்,
சேற்றில் எங்கள் செருப்புகள்.

அலைக்குள் கவிழ்ந்தும்
சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"வினிகர் இருக்கா?" என்றான்.