குறுக்கும் நெடுக்கும்

த்ரியெஸ்தேயில் காற்றுக்குப் பெயர் போரா.
பெயர் சொல்லித் திட்டுகிறார்கள்,
வீட்டோடு வந்துவிட்ட மாப்பிள்ளையைப் போல.
தெருமுனையில் என் குடை
உட்புறம் வெளிப்புறமாகி
ஒரு பாதிரியாரின் பின்னால் உருண்டு போனது.
காப்பிக் கடையின் கதவைத் தள்ளினேன்.
இல்லை, காற்று என்னைத் தள்ளியது,
கதவு ஒதுங்கிக்கொண்டது.

உள்ளே இப்போது யாரும் புகைப்பதில்லை.
கூரையில் தீட்டிய தேவதைகள் மட்டும்
பழைய சுருட்டுகளின் பழுப்பில்
இன்னும் பறந்துகொண்டிருக்கிறார்கள்.
மரக்கழிகளில் கோத்த செய்தித்தாள்கள்
காற்றில்லாத ஊரின் கொடிகளாகத் தொங்கின.

"ஒரு காப்பி" என்றேன்.
"அப்படி ஒன்று இங்கே இல்லை"
என்றார் எஜிதியோ, கறுப்புக் கோட்டுப் பணியாளர்.
நேரோ உண்டு.
காப்போ உண்டு.
கண்ணாடித் தம்ளரில் வேண்டுமென்றால் காப்போ இன் பி.
காப்போ!
காப்பிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் போல இருந்தது.
அவனையே வரச் சொன்னேன்.

வந்தான், கட்டைவிரல் உயரம்,
தலையில் ஒரு விரற்கடை நுரை.
மூன்று மடக்கு.
அதற்கு மூன்று மணி நேரம் உட்காரலாம்,
பில்லை யாரும் நீட்டுவதில்லை.

சும்மா இருந்த கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது.
ஆளில்லாத ஜன்னல் மேசையில் கிடந்த
செய்தித்தாளை எடுத்தேன்.

கரண்டிச் சத்தம் நின்றது.
சதுரங்கம் ஆடியவன்
குதிரையை அந்தரத்தில் பிடித்திருந்தான்.
எஜிதியோ வந்தார், ஓடாமல், ஆனால் விரைவாக.
தூங்கும் குழந்தையை வாங்குவது போல் வாங்கி
அதே மேசையில் அதே சாய்வில் கிடத்தினார்.

பிறகு குனிந்து சொன்னார்:
ஒன்பது மணிக்கு நெரினா விசிந்தின் வருவார்.
குறுக்கெழுத்துப் புதிரில்
குறுக்கே போகும் சொற்களை மட்டும் நிரப்புவார்.
பத்தேகாலுக்கு எழுந்துவிடுவார்.
பத்தரைக்கு ஓத்தோனே.
நெடுக்கே இறங்குபவை அவருடையவை.
அண்ணன், தங்கை.
பேச்சு நின்று பத்தொன்பது வருஷம்.

"சொத்துச் சண்டையா?"
"பியானோச் சண்டை.
இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது."

மணி பத்து இருபத்தெட்டு.
கதவைப் போரா திறந்தது,
தொப்பியை அமுக்கிப் பிடித்தபடி
பின்னாலேயே ஓத்தோனே.
யாரும் அவரைப் பார்க்கவில்லை,
அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள்.
பென்சிலை நாக்கில் தொட்டார். எழுதினார்.
ஓரிடத்தில் நின்றார்.
ரப்பரை எடுத்தார்,
கொஞ்ச நேரம் விரல்களில் உருட்டினார்,
பாக்கெட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அவர் போன பின்
எஜிதியோ அனுமதித்தார், தொடாமல் பார்க்கலாம் என்று.
ஒரு கட்டத்தில் மட்டும் இரண்டு எழுத்து,
மெல்லியதன் மேல் அழுத்தமானது.
"நாட்டின் நீளமான நதி, இரண்டெழுத்து. போ.
பாலர் பள்ளிப் பிள்ளை சொல்லும்.
நெரினா இரண்டாம் எழுத்தைத் தவறாகப் போட்டிருக்கிறார்."
மேசையைத் துடைத்தார்.
"முப்பது வருஷம் புவியியல் ஆசிரியை" என்றார்.
இன்னும் கொஞ்சம் துடைத்தார்.
"காலையில் வந்ததும் நேற்றைய தாளைத்தான் முதலில் கேட்பார்,
விடை சரிபார்க்கவாம்."

அவர்களுக்கு இரண்டெழுத்து நதி.
எனக்கு அது ஓரெழுத்து,
கதவைக் காட்டும் சொல்.
நல்லவேளை, இருவருக்கும் தமிழ் தெரியாது.

இன்னொரு காப்போ சொன்னேன்.
குடை இந்நேரம் கடலில் இருக்கும்.