நான்காம் அங்கம், ஏழாம் மாடி

உபி தொழிற்பேட்டையில்
சனிக்கிழமை ஆறு மணிக்குமேல் குளிர்சாதனம் கிடையாது.
ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.
நாங்கள் ருஷ்யக் குளிர்காலத்தை
ஏழரைக்குத் தொடங்குகிறோம்.

நாற்பத்திரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
கீழே காருக்குச் சாயம் அடிக்கும் பட்டறை.
சரக்கு மின்தூக்கியில் சோபா ஏறியது,
சோபாவில் உட்கார்ந்தபடியே நஜ்முதீன்,
வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு.
நள்ளிரவு ஒரு மணிக்கு
ரயில் தண்டவாளம் தட்டிப் பார்க்கும் வேலை அவனுக்கு.
அதுவரைக்கும்
கடனில் மூழ்கிய நிலப்பிரபு.

பெயர்கள்தான் முதலில் எங்களை அடித்தன.
எல்லாருக்கும் நடுவில் அப்பா பெயர்,
வாலில் ஓவிச், ஓவ்னா.
மூன்றாம் நாள் பெர்னதெத்
அடையாள அட்டையை எடுத்து மேசையில் போட்டாள்:
"இதோ பாருங்க, எனக்கும் நடுவுல ஒரு சாய்கோடு.
அதுக்கு அந்தப் பக்கம் எங்கப்பா."
அதற்குப் பிறகு யாரும் தடுமாறவில்லை.

பிறகு மௌனம்.
பிரதி முழுக்க அடைப்புக்குறிக்குள் மௌனம், மௌனம்.
நான் வளர்ந்த மேடைகளில் மௌனம் என்றால்
யாரோ வசனத்தை மறந்துவிட்டார் என்று அர்த்தம்.
உள்ளிருந்து எடுத்துக்கொடுப்பேன்.
முதல் ஒத்திகையில்
ஐந்து மௌனங்களைக் கெடுத்தேன்.

பனிக்கு என்ன சொல்வது என்று இரண்டு வாரம்.
பனி என்றால் மார்கழி, புல்நுனி, தொண்டைக்கட்டு.
இந்த ஊரில் அதுவும் இல்லை.
வெண்பனி என்றால் பாடநூல் வாசம்.
இயக்குநர் தில்லைநாயகி கடைசியில்
சொல்லையே வெட்டிவிட்டார்.
"சன்னலைப் பார். பேசாதே."
மேலே கட்டிய மீன்வலையை
நான் கயிற்றால் அசைப்பேன்.
எங்கள் எல்லார் வீட்டு மின்கட்டணக் கடிதங்களும்
துண்டுதுண்டாய் இறங்கும்.

பனி, குதிரைவண்டி மணி, தூரத்து நாய்,
கடைசியில் ஒரு துப்பாக்கிச் சத்தம்,
எல்லாம் நான்தான்.
உரிமப் படிவத்தில் கேட்டிருந்தார்கள்: ஆயுதம் உண்டா?
சத்தம் மட்டும், என்று எழுதினேன்.
மைலோ டின்னில்
பலகையால் ஓர் அறை.

முதல் இரவு.
மூன்று அங்கிகளுக்குள்ளிருந்து நஜ்முதீன்
"எலும்பு வரைக்கும் குளிருது" என்றான்.
மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.
சிரித்தார்கள். பின்வரிசை கொஞ்சம் அதிகமாகவே.
அவன் துடைக்கவில்லை.
அதே வசனத்தை,
பிரதியில் இல்லாத இன்னொரு முறை,
மெல்லச் சொன்னான்.
முன்வரிசையில் ஒரு பெண்
துப்பட்டாவைத் தோளுக்கு இழுத்துக்கொண்டாள்.

பத்தே காலுக்குக் காவலாளி செங் ஹுவாட்
சாவிக்கொத்தோடு என் பக்கக் கதவில்.
பத்தரைக்குக் கட்டடத்தைப் பூட்டவேண்டும்.
முடிந்ததா என்று கையால் கேட்டார்.
ஒரு விரல் காட்டினேன்: இன்னும் ஒரு வெடி.
மேடையில்
தே கடையில் கடன் வாங்கிய பித்தளைக் கொதிகலன்
ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
கடிதம் வராதவர்கள்
கடிதம் வராததைப் பற்றிப் பேசிவிட்டு
நிறுத்தினார்கள்.
தமிழ் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது.
சாவிகளை ஒவ்வொன்றாக
உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

அறைந்தேன்.
சத்தம் சரியாக வந்தது.
மேடையில் ஒருத்தி தேநீருக்குச் சர்க்கரை கேட்டாள்.

அந்த ஆள் செத்துவிட்டானா?
ஆங்கிலத்தில், என் காதருகே.
தெரியாது என்றேன்.
நாங்களும் கேட்டோம்.
தில்லைநாயகி சொல்லவில்லை.

இருபத்தாறு பேர் கைதட்டிவிட்டு
இரண்டு தவணையாக இறங்கிப் போனார்கள்.
பனியைக் கூட்டி மூட்டையில் கட்டினேன்,
நாளைக்கும் இதே பனிதான்.
விளக்கணைக்க வந்தவர்
தன் சட்டைப்பையில் கிடந்த ஒரு துண்டை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்தார்.
யாருடைய கடன் என்று தெரியவில்லை,
கட்டவேண்டிய தேதி மட்டும் இருந்தது.
மூட்டையைத் திறக்கச் சொன்னார்.
உள்ளே போட்டார்.