கூறப்படுகிறது

புதுநகர் ஸ்டேஷனில் ரைட்டர் சொன்னார்,
நின்றபடியே எழுதிக்கொண்டேன்.
கூட்டுறவு வங்கி இரவுக் காவலாளி தேவநாதன் (47)
அடகு நகையில் கைவரிசை காட்டியதாகக்
கூறப்படுகிறது.

யார் கூறியது?
அந்தச் சொல்லுக்கு எழுவாய் கிடையாது.
இருபது வருடமாக அதன் பின்னால் நிற்கிறேன்,
மழைக்கு ஒதுங்கியவன்
மழை விட்ட பிறகும் நிற்பது போல.

படத்தோடு மூன்று பத்தி அகலம் வந்தது.
என் கணக்கில் நூற்றெண்பது ரூபாய்.

மூன்றாம் நாள் நகை கிடைத்தது.
மேலாளர் அறை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்,
பொட்டலத்தின் அரக்கு உடையாமல்.
தேவநாதனை ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள்.
அதையும் எழுதி அனுப்பினேன்.
பாண்டிச்சேரி டெஸ்க்கிலிருந்து பெஞ்சமின் போனில் சிரித்தார்:
"பிடிச்சாங்க, நியூஸ். விட்டுட்டாங்க, அதுல என்னய்யா இருக்கு?"

அந்த வாரம்தான் டவுன்ஹாலில் ஊடக அறம் பற்றிக் கருத்தரங்கு.
ஒருவர் கடுமையான சட்டம் வேண்டும் என்றார்.
அடுத்தவர் சட்டம் வந்தால் குரல்வளை போய்விடும் என்றார்.
இருவருக்கும் கைதட்டினேன்.
சாப்பாட்டு டோக்கன் சட்டைப்பையில் இருந்தது.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
அப்படி ஒரு சட்டம் வந்தால்
சிப்காட் பக்கம் ராத்திரியில் மூச்சு முட்டுகிறது என்று எழுதியவன்
வீட்டுக் கதவைத்தான் அது முதலில் தட்டும்.
ரைட்டர் நாற்காலி அசையாது.
ஆனால் சட்டம் வேண்டாம் என்று சொல்லும் எங்கள் விரல்களில்
நேற்றைய பிரஸ் மீட் கவரின் கோந்து
இன்னும் காயவில்லையே, அதற்கு என்ன சொல்ல?
எங்களை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்கிறோம்.
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்,
கண்ணாடியில்.

பெரிய ஆசை எதுவும் எனக்கில்லை.
திருடன் என்று எத்தனை அகலத்தில் போட்டோமோ
இல்லை என்று அத்தனை அகலத்தில்.
அதே பக்கம், அதே இடம், அதே மை.
இதற்குக் கருத்தரங்கு எதற்கு,
ஒரு ஸ்கேல் போதும்.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் அவரே என்னைப் பார்த்தார்.
ஓங்கி ஒன்று விடுவார் என்று பையை மார்போடு அணைத்தேன்.
"சார், வயசு நாப்பத்தேழுன்னு போட்டுட்டீங்க. நாப்பத்திநாலு."
அதற்கு மன்னிப்புக் கேட்டேன்.
அதற்கு மட்டும்.
பண்ருட்டி பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போன பிறகு,
"பொண்ணு ஸ்கூல்ல காலையில பிரேயர்ல நியூஸ் படிக்கணும் சார்.
அன்னிக்கு அவ முறை."

படித்தாளா?
கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு.
இதைக் கேட்கவில்லை.

பதினோரு போன். நேரில் ஒரு முறை.
கடைசியில் பெஞ்சமின் இரண்டு வரி தந்தார்,
தவறுக்கு வருந்துகிறோம் என்று.
விடியற்காலை நான்கரைக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தால்
கடலூர்ப் பக்கத்தில் அந்த இடத்தில் ஆடித் தள்ளுபடி.
வருத்தம் விழுப்புரம் பதிப்பில் போயிருந்தது.

விழுப்புரத்திலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர்
கையில் வைத்திருந்த பேப்பரைக் காசு கொடுத்து வாங்கினேன்.
அதிலும் 47.
பாலத்துச் சுவரில் வைத்து, பேனாவால் அடித்து
44 என்று எழுதினேன்.
கீழே கெடிலத்தில் தண்ணீர் கொஞ்சம்தான், ஆகாயத்தாமரை நிறைய.

கதவைத் திறந்தவள் யூனிஃபார்மில் இருந்தாள்,
ஒரு பக்கம் மட்டும் பின்னல் போட்டு.
அப்பா தூங்குகிறார் என்றாள்.
நின்றபடியே அந்த இரண்டு வரியைப் படித்தாள்,
உதடு அசையாமல்.
பிறகு தாளின் மேல் மூலையைப் பார்த்தாள்.

"இது விழுப்புரம் பேப்பருங்களா?"